சைஃபர்: சுழியிலிருந்து களரிவரை

வெள்ளவத்தையில் மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரைக்கு இறங்கினால், சில ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் வட்டமாக நிற்பதைக் காணலாம். ஒருவன் வாயாலேயே தாளம் போடுவான். மற்றவர்கள் முறை வைத்து ராப் சொல்வார்கள். இடையிடையே ஒருவன் நடுவே புகுந்து ஆடுவான். இந்தக் கூடலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சைஃபர்'. முதன்முறை அதைக் கேட்டபோது எனக்கு அம்மம்மாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது. கணக்குப் பாடத்தில் புள்ளி எதுவும் எடுக்காமல் வரும் பேரப்பிள்ளையைப் பார்த்து "சைபரோ?" என்று அவர் கேட்பார். அம்மம்மாவின் சைபரும் இந்த இளைஞர்களின் சைஃபரும் ஒரே சொல் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இச்சொல்லின் வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வெறுமையைக் குறிக்கும் வடமொழிச் 'சூனியம்' இந்தியக் கணிதத்தில் எண்ணாகி அரபு நாடுகளை எட்டியபோது, அரபு அறிஞர்கள் அதனை வெறுமை என்றே பொருள்படும் 'ஸிஃப்ர்' என்ற தங்கள் சொல்லால் வழங்கினர். அது இலத்தீனில் இரு வடிவங்களைப் பெற்றது. 1202 இல் இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி தமது கணித நூலில் எழுதிய 'ஸெஃபிரும்' இத்தாலியில் தேய்ந்து 'ஸீரோ' ஆயிற்று. 'சிஃப்ரா' என்ற மற்றைய வடிவம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சைஃபர்' ஆயிற்று. சைஃபர் முதலில் சுழியை உணர்த்தியது. பின்னர் எந்த இலக்கத்தையும், அதன் பின்னர் இலக்கங்களால் எழுதப்பட்ட மறைகுறியீட்டையும் உணர்த்தியது. தமிழுக்கு அது ஆங்கிலக் கல்வியோடு சைபராக வந்து, பாடநூல்கள் 'பூச்சியம்' என்று எழுதிய பின்னும் வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டது.

வெறுமையைக் குறித்த சொல் மனிதர் நிற்கும் வட்டத்துக்குப் பெயரானது நியூயோர்க்கில். 1964 இல் ஹார்லெம் பகுதிக் கறுப்பின மக்களிடையே தோன்றிய 'ஐந்து வீதத்தார்' என்ற இயக்கம், சுழி முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு கருத்தைப் பொருத்திப் பாடமாகக் கற்பித்தது. அவற்றுள் சுழிக்குரிய பெயர் சைஃபர். அதன் கருத்து, 360 பாகையும் நிறைந்த முழு வட்டம். அவ்வியக்கத்தவர் தெருவில் வட்டமாக நின்று, முறை வைத்துத் தம் பாடங்களை ஒப்புவித்தனர். 1973 ஓகஸ்ட் 11 அன்று பிரொங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கக் கட்டடத்தில், யமேக்காவில் பிறந்த டீஜே கூல் ஹேர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தையே, ராப்பும் ஆட்டமும் அடங்கிய ஹிப்ஹொப் கலையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அதன்பின் வந்த பாடகர்களுள் ரக்கிம் போன்ற பலர் ஐந்து வீதத்தாரின் கருத்துகளில் தோய்ந்தவர்கள். அந்த இயக்கத்தின் சொற்கள் ராப்பில் புகுந்தபோது சைஃபரும் கூடவே வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

தமிழில் இதற்கு ஒரு சொல் தேவைப்படுவது தூய்மைப் பற்றினால் மட்டுமன்று. இணையத்தைக் குறிக்கும் 'சைபர்' கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. ஸிஃப்ருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் 'சைபர் குற்றம்' என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும் ஒரு தாய், மகன் சைஃபருக்குப் போகிறான் என்று கேட்டால் கலங்கத்தான் செய்வார்.

'வட்டம்' என்று சொல்லலாம். ஆனால் வாசகர் வட்டம் தொடங்கி நண்பர் வட்டம் வரை அச்சொல் ஏற்கெனவே பல சுமைகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. 'சுற்று' என்றால் போட்டியின் நினைவு வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹிப்ஹொப்பின் ஆட்டவகையான பிரேக்கிங்குக்கு நடுவர்கள் இருந்தார்கள், வெற்றியும் தோல்வியும் இருந்தன. சைஃபரில் இவை எவையும் இல்லை. 'எசப்பாட்டு' நல்ல சொல்லாயினும் பாட்டுக்கு மட்டுமே பொருந்தும், ஆடுபவனை வெளியே நிறுத்திவிடும்.

என் தெரிவு, மட்டக்களப்புக் கூத்தில் இன்றும் வழங்கும் 'வட்டக்களரி'. களரி என்பது ஆடுகளத்தையும் அவையையும் ஒருங்கே குறிக்கும் பழஞ்சொல். கேரளத்தின் களரிப்பயிற்றிலும் இதே களரிதான் இருக்கிறது. மண்ணில் வட்டமாக அமைத்த களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்க, கூத்தர் சுழன்று ஆடுவர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இக்கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அதனால் கூத்து நகரத்தாரின் மதிப்பைப் பெற்றது, எனினும் மேடையில் பார்ப்பவரும் ஆடுபவரும் எதிரெதிராகப் பிரிந்தனர். அந்தப் பிரிவு இல்லாத இடத்தைச் சொல்வதற்கு வட்டக்களரியைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. கூத்துக்களரியின் நடுவில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பார்கள். சைஃபரின் நடு வெறுமையாகவே இருக்கும். யார் வேண்டுமானாலும் அதில் இறங்கலாம், எவரும் அங்கே தங்கிவிட முடியாது. அரபுச் சொல்லின் 'வெறுமை' என்ற பொருள் அந்த நடுவிடத்தில் இன்னும் உயிரோடு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அந்த வெறுமை ஓர் இளைஞனுக்கு என்ன கொடுக்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் பையன் ஒருவன், கடைச் சட்டையோடே வந்து நின்றான். மூன்று முறை அவன் பக்கம் முறை வந்தபோதும் தலையசைத்து விட்டுக்கொடுத்தான். எவரும் அவனை வற்புறுத்தவில்லை. நான்காம் முறை வாய் திறந்தான். மூட்டை தூக்கிப் படியேறும் தோளைப் பற்றி இரண்டு அடி சொன்னான், மூன்றாம் அடியில் தடுமாறி நின்றுவிட்டான். தாளம் போட்டவன் நிறுத்தவில்லை. அதே தாளத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டான், மற்றவர்கள் கைதட்டிக் காத்திருந்தார்கள். இடையில் கடுகதி ரயில் ஒன்று கடந்துபோக, அதன் இரைச்சலையும் தாளம் போட்டவன் தன் தாளத்தில் சேர்த்துக்கொண்டான். இரவில் தொலைபேசியில் பேசும் அம்மாவிடம் தோள்வலியைச் சொல்வதில்லை என்று பையன் பாட்டை முடித்தான். கடைசிச் சொல் 'அம்மா'. அடுத்து நின்ற சிங்கள இளைஞன் அந்த 'அம்மா'வையே பிடித்துக்கொண்டு, தன் மொழியில் தன் பாட்டைத் தொடங்கினான். இரு மொழிக்கும் பொதுவான அந்தச் சொல்லை அங்கே யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முதலாளியின் கண்முன் நிமிர்ந்து பேசக் கிடைக்காத ஒருவனுக்கு, எட்டு அடி நீளத்துக்குப் பத்துப் பேர் குறுக்கிடாமல் காது கொடுப்பது சிறிய காரியமன்று. அடுத்த ஞாயிறு அவன் முதல் ஆளாக வந்து நின்றான்.

எழுத்தில் வட்டக்களரி என்றும், பேச்சில் களரி என்றும் வழங்கலாம். முறை வரும்போது நடுவே செல்வதற்குக் 'களரியில் இறங்குதல்', முறையை விட்டுக்கொடுப்பதற்குக் 'களரி விடுதல்', தடுமாறுபவனுக்காகத் தாளத்தைத் தொடர்ந்து போடுவதற்குக் 'களரி தாங்குதல்' என்று சொல்லிப் பார்க்கலாம். இவற்றை அந்த இளைஞர்களிடம் சொன்னபோது, மூன்றாவதை அவர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள்.