லோடு வண்டிக்குச் சூப்பர்சார்ஜரா? முதலில் சூட்டைக் கணக்குப் போடுங்கள்

சூப்பர்சார்ஜர் போட வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டியில் என்ன லோடு ஏறும், எந்த ரோட்டில் ஓடும் என்பதைத்தான். எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பது கடைசியாக வர வேண்டிய கேள்வி.

தக்கலை பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் இருந்தேன். அமெரிக்க வி8 பிக்கப்புகளுக்குச் சூப்பர்சார்ஜர் கட்டுவதுதான் அங்கே பாதி வேலை. குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருப்பதால், அந்த வண்டிகளின் ஊளைச் சத்தம் நம் பையன்களுக்கும் நன்றாகத் தெரியும். லீவுக்கு ஊருக்கு வரும்போது அந்த ஆசையும் கூடவே வருகிறது.

போன மாதம் குளச்சலில் இருந்து ஒரு தம்பி பொலேரோ பிக்கப்போடு வந்தான். "அண்ணே, இதுக்கு ஒரு சூப்பர்சார்ஜர் போட்டுத் தரணும். ஏத்தத்துல இழுவையே இல்ல."

"என்ன லோடு மக்களே?"

"மீனும் ஐசும். வாரத்துல அஞ்சு நாளு திருவனந்தபுரம். சில நாளு ஆரல்வாய்மொழி வழியா திருநெல்வேலி."

அவன் வண்டிக்குப் பிறகு வருகிறேன். சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பட்டறைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதையும் டர்போவையும் ஒன்றாக நினைக்கிறார்கள். டர்போவைச் சுற்றுவது சைலன்சருக்குப் போகும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது கிராங்க் புல்லியில் இருந்து வரும் பெல்ட். இரண்டும் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகின்றன. சூப்பர்சார்ஜரில் ஒரு வகையான ரூட்ஸ் ஊதிக்கு அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்றபோது அது உலைக்கும் சுரங்கத்துக்கும் காற்று ஊதத்தான் பயன்பட்டது. இன்றும் ரோட்டில் ஓடும் பிக்கப்புக்கு நான் பரிந்துரைப்பது அந்த வகையோ, ட்வின் ஸ்க்ரூ வகையோதான். இரண்டாயிரம் ஆர்.பி.எம்.-மிலேயே அழுத்தம் வந்துவிடும். லோடு வண்டிக்கு வேண்டியது அதுதான். சென்ட்ரிஃபியூகல் வகையில் ஆர்.பி.எம். ஏற ஏறத்தான் அழுத்தம் ஏறும். ரேஸுக்கு நல்லது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகிறவனுக்கு அது கைகொடுக்காது.

அழுத்தினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வெளியில் 35 டிகிரி காற்று. 6 பி.எஸ்.ஐ. பூஸ்ட், அதாவது ஊதி கூடுதலாகத் தள்ளும் அழுத்தம், என்றால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியில் இருப்பதைப் போல 1.4 மடங்கு. ரூட்ஸ் ஊதி 60 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்தால் காற்று 88 டிகிரிக்குப் போகிறது. காற்றை ஒன்பதரையில் ஒரு பங்காகச் சுருக்கும், அதாவது 9.5 கம்ப்ரெஷன் உள்ள என்ஜின், அந்த 1.4-ஆல் பெருக்கினால், 13.3 கம்ப்ரெஷன் உள்ளதைப் போல நடந்துகொள்ளும். இது பட்டறைக் கணக்கு, துல்லியம் கிடையாது. ஆனால் 88 டிகிரி காற்றும் 13-க்கு மேல் கம்ப்ரெஷனும் சேர்ந்தால் பெட்ரோல் கலவை ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேரும்வரை காத்திருக்காது, தானாகவே வெடிக்கும். நாக்கிங் என்று நாம் சொல்வது இதைத்தான். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் இந்த ஊர் வெயிலில் ஒரு பி.எஸ்.ஐ. கூட ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

இங்கே ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அது என் கையால் நடந்தது.

ஷார்ஜாவில் எனக்கு மூன்றாவது வருடம். ஒரு சில்வராடோ பிக்கப், 5.3 லிட்டர் வி8. ஓனர் வாரக் கடைசியில் படகை டிரெய்லரில் கட்டிக்கொண்டு மலை தாண்டி கொர்ஃபக்கான் போவார். 8 பி.எஸ்.ஐ. கேட்டார். இன்டர்கூலர் போட்டோம், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் மாற்றினோம், பெட்ரோல் அளவையும் ஸ்பார்க்கையும் சரிசெய்யும் ட்யூனிங்கும் சரியாகவே இருந்தது. என்ஜினை நான்தான் பூட்டினேன். பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரிங்குகளைப் பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே போட்டேன். ஒரு மாதத்துக்குள் மலை ஏற்றத்தில் ஆயில் மூடி வழியாகப் புகை தள்ளி வண்டி நின்றது. ஹெட்டைக் கழற்றினால் ஏழாம் நம்பர் பிஸ்டனில் மேல் ரிங் உட்காரும் விளிம்பு பெயர்ந்து வந்திருந்தது. நாக்கிங் நடந்த அடையாளமே இல்லை. ரிங்கின் இரண்டு முனைகளையும் லென்ஸில் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளத்தன. இரண்டும் ஒன்றோடொன்று முட்டி உரசியிருக்கின்றன.

ரிங் வட்டமாக இருந்தாலும் ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த வெட்டுக்குள்தான் நீள வேண்டும். அழுத்தம் கூடினால் சூடு கூடும், நீட்டமும் கூடும். வெட்டு போதவில்லை என்றால் முனைகள் முட்டும். அதற்கு மேல் நீள இடம் இல்லாமல் ரிங் சிலிண்டர் துளையில், அதாவது போரில், இறுகிப் பிடிக்கும், பிஸ்டனோ கீழே இழுக்கும். பெயர்வது பிஸ்டன்தான். சாதாரண என்ஜினுக்கு போர் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 4 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்) இடைவெளி போதும். சூப்பர்சார்ஜருக்கு 6 தவ்வாவது வேண்டும். 5.3 லிட்டரில் போர் 3.78 அங்குலம். 15 தவ் இருந்த இடத்தில் 23 தவ் வேண்டியிருந்தது. எட்டுத் தவ்வில் ஒரு என்ஜின் போனது.

அன்றிலிருந்து ஒரு ரிங்கையும் அளக்காமல் போட்டதில்லை. ரிங்கை போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குலம் கீழே தள்ளி நேராக உட்கார வைக்க வேண்டும். பிறகு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ். 22 வழுக்கிக்கொண்டு போக வேண்டும், 24 மறுக்க வேண்டும். இடையில் 23 லேசான பிடிப்போடு போகும். அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரியும். இடைவெளி குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும், வெளியில் இருந்து உள்நோக்கி அரம் போட வேண்டும். எட்டு சிலிண்டருக்கு அரை நாள் பிடிக்கும். உங்கள் என்ஜினைப் பூட்டுகிறவர் இந்த அரை நாளைச் செலவிடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

எரிபொருளுக்கும் ஒரு கணக்கு உண்டு. சூப்பர்சார்ஜ் செய்த பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைப்போம். 400 குதிரைத்திறனுக்கு 240 பவுண்டு. எட்டு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 30. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து ஓட்டக் கூடாது என்பதால் 38 பவுண்டு இன்ஜெக்டர் வாங்க வேண்டும். இது சுத்தப் பெட்ரோல் கணக்கு. நம் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும், அதனால் அதே காற்றுக்கு எட்டு சதவீதம் போல அதிகம் ஊற்ற வேண்டும். வெளிநாட்டு ட்யூனிங் ஃபைலை அப்படியே ஏற்றினால் பூஸ்ட்டில் பெட்ரோல் போதாமல் கலவை வறண்டுபோய் பிஸ்டன் உருகும். காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் ட்யூனிங் செய்கிறேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். முழு பூஸ்ட்டில் அதில் 11.5-க்கும் 12-க்கும் நடுவில் எண் நிற்க வேண்டும்.

ரோட்டில் ஓடும் வண்டிக்கும் ரேஸ் வண்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நம் ஊரில் நாகர்கோவில் - மார்த்தாண்டம் ரோட்டில்தான் தெரியும். தக்கலை ஜங்ஷனில் அரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து போகிறீர்கள். வி8-ல் ஊதி உட்காருவது இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில், கொதிக்கிற என்ஜின் மேலேயே. வண்டி ஓடாததால் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் காற்றே இல்லை. ஊதி, குழாய், எல்லாம் சூட்டைக் குடித்து வைத்திருக்கும். ரோடு காலியானதும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். என்ஜினுக்குள் போகும் காற்று அன்றைய நாளிலேயே மிகச் சூடாக இருப்பது அந்த நொடியில்தான். நல்ல ட்யூனிங் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்த்து ஸ்பார்க் டைமிங்கைத் தானாகப் பின்னுக்கு இழுக்கும். வண்டியை நிறுத்தியபடியே திறனை அளக்கும் டைனோவில் பெரிய ஃபேன் வைத்து எடுத்த ஷீட்டைக் காட்டுகிறவரிடம், இந்த இடத்தில் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

பிரேக்கைப் பற்றி யாருமே கேட்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். 60-ல் போன வண்டி 80-ல் போனால் நிறுத்த வேண்டிய சக்தி ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். அதே டிரம், அதே லைனிங், பின்னால் லோடு. கிளட்சும் டிஃபரன்ஷியலும் போனால் பணம்தான் போகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த மாற்றத்தைத்தான். அதனால் ஊரில் ரோட்டில் ஓடும் வண்டிக்கு நான் சூப்பர்சார்ஜர் போடுவதில்லை. வளைகுடாவிலும் அனுமதி இல்லாமல் என்ஜினில் கை வைக்கக் கூடாது. அங்கே வண்டி வைத்திருப்பவர்கள் பேப்பர் வேலையை முடித்துவிட்டுப் பிறகு ஊதிக்குப் பணம் கட்டுங்கள்.

குளச்சல் தம்பிக்கு வருகிறேன். அவனுடையது டீசல், டர்போவும் இன்டர்கூலரும் கம்பெனியிலேயே வந்தவை. ஏற்கெனவே காற்று ஊதுகிற என்ஜினுக்கு இழுவை இல்லை என்றால், அந்தக் காற்று எங்கேயோ போகிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயை அடைத்து, கம்ப்ரெஸரில் இருந்து ஒரு பார் அளவுக்குக் காற்று கொடுத்து, ஹோஸ்கள் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில், கிளாம்ப்புக்கு ஒட்டினாற்போல அடிப்பக்கம், நுரை பூத்துக்கொண்டு வந்தது. விரலை விட்டுத் தடவினால் ஆயிலும் கரியும். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிது மாதிரி இருந்தது. ஏர் ஃபில்டரும் அடைத்திருந்தது. சென்சார் கனெக்டர்களில் உப்புக் காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது.

வண்டியைத் தூக்கினபோது அதைவிட முக்கியமானது ஒன்று கண்ணில் பட்டது. மீன் ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் நாள்தோறும் சேசிஸ் மேல் விழுந்து, பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பை அரித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். துரு செதிலாக உதிர்ந்தது, அடியில் இரும்பு காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. களியக்காவிளை பக்கம் இறக்கத்தில் அது போயிருந்தால்? அவனைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். சத்தமே போடாமல் பார்த்தான்.

பிரேக் பைப், ஹோஸ், ஃபில்டர் மூன்றும் மாற்றி, கனெக்டர்களைச் சுத்தம் செய்து கொடுத்தேன். பெட்டியில் இருந்து ஒழுகும் தண்ணீர் சேசிஸ் மேல் விழாமல் வெளியே போக ஒரு குழாயும் வைத்தோம். மறுநாள் ராத்திரி போன். "அண்ணே, நாலாம் கியர்லயே ஏறுது."

நேற்று அவனுடைய சித்தப்பாவின் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறான். அதுவும் மீன் வண்டி. காலையில் பின் பிரேக் பைப்பில் இருந்து தொடங்க வேண்டும்.