பீத்தோவன் முதலில் இழந்த ஒலிகள்

"காது கேட்காத பீத்தோவன் எப்படி இசையமைத்தார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அதற்கு முன்னால், எந்த ஒலி அவரை முதலில் கைவிட்டது என்று பார்க்க வேண்டும்.

1801இல், முப்பது வயதில், வியன்னாவிலிருந்து தன் மருத்துவ நண்பர் வெகலருக்கு அவர் எழுதிய கடிதத்தில் விடை இருக்கிறது. இரவும் பகலும் காதுக்குள் இரைச்சல். சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் வாத்தியங்களின், பாடகர்களின் உச்ச ஸ்வரங்கள் கேட்பதில்லை. மருத்துவர் காதுக்கு வாதுமை எண்ணெய் கொடுத்தாராம். பலனில்லை. நம் வீடுகளில் இன்றும் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் குழந்தையின் காதில் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். செவிப்பறை முழுதாக இருந்தால் எண்ணெய் அதைத் தாண்டாது, கிழிந்திருந்தால் ஆபத்து.

உச்ச ஸ்வரம் ஏன் முதலில் போகிறது? செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள் எல்லாம் பள்ளியில் படித்தவைதான். அவற்றுக்கு அப்பால் இருக்கும் காக்ளியாதான் அற்புதம். நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்று. நீட்டிப் பிடித்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நெடுக ஒரு சவ்வு ஓடுகிறது. வாசலருகே குறுகி விறைப்பாகவும், உள்ளே போகப்போக அகன்று தளர்ந்தும் இருக்கும். ஒலி நுழைந்ததும் இந்தச் சவ்வில் ஓர் அலை புறப்படுகிறது. கீச்சென்ற ஒலி என்றால் வாசலிலேயே பொங்கி அடங்கிவிடும். மந்தர ஒலியின் அலை கடைசிச் சுருள்வரை போய் அங்கே பொங்கும். வீணையில் ஒவ்வொரு மெட்டும் ஒரு ஸ்வரத்துக்கு உரியதுபோல, சவ்வின் ஒவ்வோர் இடமும் ஓர் அதிர்வெண்ணுக்கு உரியது. இந்த அலையைக் கண்ணால் பார்த்துக் காட்டிய பெக்கெஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தந்த இடத்து அசைவை மூளைக்குச் சொல்பவை மயிர்ச்செல்கள். ஒரு காதில் சுமார் 15,000தான். பேரிரைச்சலிலும் முதுமையிலும் பெரும்பாலும் வாசலருகே உள்ளவைதான் முதலில் மடிகின்றன; அதனால்தான் உச்ச ஸ்வரம் முதலில் போகிறது. கோழிக்கு அவை மீண்டும் முளைக்கின்றன, மனிதருக்கு முளைப்பதில்லை. இந்த வேறுபாட்டை ஆராய நம் நாடு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பீத்தோவனுக்கு என்ன நேர்ந்தது? அவருடைய தலைமுடியிலிருந்து மரபணுவைப் படித்து 2023இல் வெளியான ஆய்வு கல்லீரல் நோய்க்குத் தடயம் தந்தது, செவிட்டுக்குத் தரவில்லை. ஆனால் இசைத்தாள்களே ஒரு தடயம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்காக அவர் எழுதிய நால்வர் இசையில், முதல் வயலினின் ஸ்வரங்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் எண்ணி 2011இல் வெளியிட்டார்கள். 1568 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 1568 அதிர்வுகள்) மேற்பட்ட உச்ச ஸ்வரங்கள், செவித்திறன் மங்க மங்கக் குறைந்துகொண்டே வருகின்றன. தனக்குக் கேட்பதை நம்பி எழுதியிருக்கிறார் என்பது அவர்கள் ஊகம். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

பிறகு வெளியுலகம் ஏறக்குறைய முழுவதுமாக அடங்கியது. 1818 முதல் வந்தவர்கள் சொல்ல வேண்டியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்கள். ஒரு பாட்டை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்: காதுக்கு வேலையில்லாமலே மூளையில் ஒலியை உணரும் பகுதி விழித்துக்கொள்கிறது. அவருக்கு அந்தப் பகுதியில் முப்பது, நாற்பது ஆண்டுப் பயிற்சி இருந்தது. 1824க்குப் பின் எழுதிய கடைசி நால்வர் இசைகளில், தொலைந்துபோன அந்த உச்ச ஸ்வரங்கள் முதல் வயலினுக்குத் திரும்பி வருகின்றன.