கைப்பிடியைச் சுற்றினால் திரும்பிய சிறை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கிராஃபோர்ட்ஸ்வில் ஊரில், மாண்ட்கோமரி கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பழைய சிறைக்கூடம் இருக்கிறது. 1882-இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் முன்பகுதி, கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃபின் குடும்பம் வாழ்ந்த வீடு. பின்பகுதியில், நடு அச்சைப் பற்றிச் சுழலும் இரண்டடுக்கு இரும்பு உருளை. ஒவ்வோர் அடுக்கிலும் கேக் துண்டுகளைப் போல எட்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் 45 பாகை.

அறைகளுக்குத் தனிக் கதவு கிடையாது. உருளையைச் சுற்றி அசையாத கம்பிச் சுவரும், அதில் அடுக்குக்கு ஒரே ஒரு வாயிலும் இருந்தன. வேண்டிய அறை வாயிலுக்கு நேரே வரும்வரை காவலர் கைப்பிடியைச் சுற்றுவார். மற்ற ஏழு அறைகளும் அடைபட்டே இருக்கும். கைதியை நெருங்காமலே அவரைக் கட்டுப்படுத்துவதுதான், 1881-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற வில்லியம் பிரவுன், பெஞ்சமின் ஹா ஆகியோரின் நோக்கம். அறைக்குள்ளேயே கழிப்பிடம் அமைத்து, கழிவையும் கெட்ட காற்றையும் உருளையின் நடுத்தண்டு வழியே வெளியேற்றியது அக்காலத்துக்குப் பெரிய முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

இவ்வளவு இரும்பை ஒருவர் எப்படித் திருப்பினார்? கைப்பிடியோடு இணைந்த சிறு பற்சக்கரம் பலமுறை சுற்றினால்தான் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றும். வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, உராய்வில் போவது நீங்கலாக, திருப்புவிசை அத்தனை மடங்கு பெருகும்.

ஆபத்தும் இங்கேதான் இருந்தது. பற்சக்கரம் காவலரின் விசையைப் பெருக்கும்போது, உருளையிலிருந்து திரும்பி வரும் தடையை அதே விகிதத்தில் குறைத்தே அவர் கைக்குக் கொடுக்கிறது. நகரும் கம்பிக்கும் நிலையான கம்பிக்கும் இடையே ஒரு கைதி கையை நீட்டியிருந்தால், கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல எலும்பு நொறுங்கும். சுற்றுபவருக்கோ கைப்பிடி சற்றே கனத்ததாக மட்டும் தோன்றும். கைதிகள் அப்படிக் கைகால் நசுங்கியது உண்மையிலேயே நடந்தது. தீப்பற்றினால் இன்னும் மோசம், ஓர் அடுக்கில் இருப்பவர்கள் அறை அறையாகத் திருப்பப்படும்வரை காத்திருக்க வேண்டும்.

அயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளஃப்ஸ் ஊரில் 1885-இல் எழுந்த இதே வகைச் சிறையில் மூன்று அடுக்குகள், அடுக்குக்குப் பத்து அறைகள். உருளை மட்டும் 40 டன்னுக்கு மேல். இத்தனை எடையைத் தாங்கும் அச்சு சிறிது சாய்ந்தாலும் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் சிக்கிக்கொள்ளும். அது 1969 வரை சிறையாக இருந்தது.

கிராஃபோர்ட்ஸ்வில்லில் 1930களின் இறுதியில் உருளையை அசையாமல் நிறுத்தி, அறைதோறும் கதவு வைத்தார்கள். 1973-இல் சிறை மூடப்பட்டது. 1975 முதல் அது அருங்காட்சியகம். பார்வையாளர்களுக்காக அந்த உருளை இப்போது மறுபடியும் சுழல்கிறது.