காந்தப் பெருக்கி அல்ல, காந்தவாரி

மேக்னெடிக் ஸ்வீப்பர் என்ற கருவியைக் ‘காந்தப் பெருக்கி’ என்று எழுதுவது வழக்கமாகிக்கொண்டு வருகிறது. விற்பனைக் குறிப்பில், செயல்முறைக் கையேட்டில், பட்டறைப் பாதுகாப்பு அறிவுரையில் என்று எங்கே பார்த்தாலும் இதுதான். இதற்கு முன்பு ‘காந்தத் துடைப்பான்’ இருந்தது. ‘காந்தத் துப்புரவாளர்’ என்றுகூட ஒன்று வந்தது. சக்கரம் வைத்த ஓர் இரும்புப் பெட்டிக்கு ‘ஆளர்’ விகுதி சேர்த்து உயர்திணையாக்கிய மொழிபெயர்ப்பைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. ஆனால் காந்தப் பெருக்கி அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. பார்வைக்குச் சரியாக இருப்பதால்தான் அது பரவுகிறது.

முதலில் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீளமான பட்டைக் காந்தம், இரண்டு சக்கரம், தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. காந்தம் தரையைத் தொடாது, கொஞ்சம் மேலே தொங்கும். கூரை மாற்றிய இடம், கட்டட வேலை நடந்த தரை, கடைசல் பட்டறை போன்ற இடங்களில் இதைத் தள்ளிக்கொண்டு போனால் ஆணி, திருகு, கம்பித் துண்டு, இரும்புச் சீவல் எல்லாம் எகிறி வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு பிடியை இழுத்தால் உள்ளே இருக்கும் காந்தம் அடித்தகட்டை விட்டு மேலே விலகும், ஒட்டியதெல்லாம் உதிரும். அந்தத் தகடு அலுமினியம் போலக் காந்தத்துக்கு ஒட்டாத உலோகமாக இருக்கும்.

சொல் வரலாறு நீளமானதல்ல. வடமொழியில் ‘காந்த’ என்றால் விரும்பப்படுவது. அயஸ்காந்தம் என்றால் இரும்புக்கு விருப்பமானது. அதுவே தமிழில் அயக்காந்தம் என்றும் சுருங்கிக் காந்தம் என்றும் ஆனது. எரிதல், சுடுதல் என்ற பொருளுள்ள ‘காந்து’ என்ற தமிழ் வினையோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. பொருள் ஒட்டவில்லை என்பது என் கருத்து. எப்படியானாலும், 13ஆம் நூற்றாண்டுச் சிவஞானபோதத்திலேயே ‘காந்தம் கண்ட பசாசத்து அவையே’ என்று வருகிறது. பசாசம் என்றால் இரும்பு. இத்தனை காலம் நம்மோடு இருக்கும் சொல்லை விலக்கிவிட்டுப் புதிதாக ஒன்று கட்ட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்து மேக்னெட் கிரேக்கத்து மக்னீசியா என்ற இடப்பெயரிலிருந்து வந்தது. அவ்வளவுதான்.

சிக்கல் பெயரின் இரண்டாம் பாதியான ‘பெருக்கி’யில்தான். பெருக்கு என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று வீட்டைப் பெருக்குவது, இன்னொன்று எண்ணைப் பெருக்குவது, அதாவது அதிகமாக்குவது. வினையாக வரும்போது குழப்பமே இல்லை. ‘தரையைப் பெருக்கு’ என்றால் யாரும் கணக்குப் போட மாட்டார்கள். ஆனால் பெருக்கி என்று கருவிப் பெயரானதும் முதல் பொருள் பின்னால் போய்விட்டது. ஒலிபெருக்கி ஒலியைக் கூட்டுகிறது. மின்னணுவியலில் பெருக்கி என்றாலே சிறு மின்சைகையைப் பெரிதாக்கும் மின்சுற்று. பள்ளிப் பாடநூலிலிருந்து இந்தப் பொருள் வேரூன்றிவிட்டது. இதைத் தெரிந்த மாணவர் ‘காந்தப் பெருக்கி’ என்று படித்தால் காந்தத்தைப் பெருக்கும் கருவி என்றுதான் நினைப்பார். அவர்மேல் தவறில்லை.

அதைவிட மோசம், உண்மையிலேயே காந்தப் பெருக்கி என்று வேறொரு கருவி இருக்கிறது. இரும்பு உள்ளகத்தில் சுற்றிய கம்பிச்சுருளில் சிறு நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளகத்தின் காந்தத் தெவிட்டலை (அதற்குமேல் காந்தமேற முடியாத நிலையை) மாற்றி, பெரிய மாறுமின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அது. டிரான்சிஸ்டர் பரவலாவதற்கு முன்பு அதற்கு நல்ல மதிப்பு இருந்தது. அதைத் தமிழில் எழுத வேண்டியவர் என்ன செய்வார்? அவருக்கு முழு உரிமையுள்ள பெயரை நாம் ஆணி எடுக்கும் வண்டிக்குக் கொடுத்துவிட்டோம். ‘இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே’ என்பார்கள். சொற்பட்டியலிலும் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரிலும் இடம் என்று ஒன்று ஏது?

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. பெருக்குவது, துடைப்பது, துப்புரவு செய்வது எல்லாம் தரையில் கிடக்கும் எதையும் விடாமல் அகற்றுவதைச் சொல்கின்றன. இந்தக் கருவி அப்படிச் செய்யாது, செய்யவும் முடியாது. ஏன் என்பது காந்தவியலின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு நுண்காந்தம். பெரும்பாலான பொருள்களில் அவை ஒன்றை ஒன்று ஈடுசெய்து அடங்கிவிடும். இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற சிலவற்றில் மட்டும் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் அணிவகுத்துச் சிறு சிறு வட்டாரங்களாக நிற்கும். இந்தக் கருத்தை 1907இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வெய்ஸ் முன்வைத்தார். சாதாரண ஆணியில் இந்த வட்டாரங்கள் ஆளுக்கொரு திசை பார்த்திருப்பதால் வெளியே காந்தம் தெரியாது. வலுவான காந்தம் அருகில் வந்ததும் அவை அதன் போக்குக்குத் திரும்ப, ஆணியே தற்காலிகக் காந்தமாகிவிடும். அதன் அருகு முனை எப்போதும் எதிர்முனையாகவே அமைவதால் ஈர்ப்பு மட்டுமே நடக்கும். ஓர் ஆணியில் இன்னோர் ஆணி தொங்குவதும் இதனால்தான்.

பித்தளைத் திருகு, செம்புக் கம்பி, அலுமினியச் சீவல், கண்ணாடிச் சில்லு எல்லாம் அங்கேயே கிடக்கும். துருப்பிடிக்காத எஃகில் 304 போன்ற வகைகள் பெரும்பாலும் ஒட்டாது, வளைத்து அடித்த இடத்தில் லேசாக ஒட்டலாம். காந்தம் எட்டும் தூரமும் குறைவு. காந்தத்தின் அளவைவிட நல்ல தொலைவில், தூரம் இரட்டித்தால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும், இழுக்கும் விசை அதைவிட வேகமாகக் குறையும். மண்ணில் புதைந்த ஆணி தப்பிவிடும்.

2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். முன்னால் சென்ற விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த உலோகப் பட்டை டயரைக் கிழித்ததில் தொடங்கிய விபத்து அது. அந்தப் பட்டை டைட்டானியக் கலவை, எந்தக் காந்தமும் அதை எடுத்திருக்காது. துப்புரவு என்ற சொல்லை இந்தக் கருவிக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். தரை சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கையைப் பெயரே விதைக்கிறது.

சரி, என்ன சொல்லலாம்? செயலுக்கு மிகப் பொருத்தமான வினை ‘பொறுக்கு’. கலந்து கிடப்பதில் வேண்டியதை மட்டும் எடுப்பது அது. ஆனால் பொறுக்கி என்ற பெயர் வசையாகிவிட்டது, திரும்பப் பெற முடியாது. அடுத்தது ‘வாரு’, சிதறிக் கிடப்பதை ஒன்றாக அள்ளுவது. துடைப்பத்துக்கு வாருகோல் என்ற பெயர் உண்டு, வாரியல் என்று இன்றும் சில வட்டாரங்களில் சொல்கிறார்கள். இடிதாங்கி, மின்தூக்கி, வடிகட்டி போலக் காந்தவாரி. வாரி என்றால் கடல், வருவாய் என்ற பொருளும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் காந்தக் கடல் என்று எந்தக் கருவியும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

அகராதியில் ஸ்வீப் என்ற சொல்லுக்கு எதிரே முதலில் நிற்பதை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. கருவியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்காமல் எழுதுகிறவர்கள்தான் அதே பக்கத்தில் ‘அதிக காந்த சக்தி’ என்றும் எழுதுகிறார்கள். அங்கே பேசப்படுவது இழுக்கும் விசை, சக்தி அல்ல. விசைக்கும் ஆற்றலுக்கும் தனித்தனிச் சொல் நம்மிடம் இருக்க, இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்க வேண்டியதில்லை. ‘அதிகக் காந்த’ என்று ஒற்றைப் போடவும் அவர்களுக்கு நேரமில்லை.

கையேட்டில் இப்படி ஒரு வரி தேவைப்படும்: ‘காந்தவாரியை ஓட்டிய பிறகு, அது எடுக்காத பித்தளையையும் கண்ணாடியையும் பெருக்கி அள்ளவும்.’ படித்ததும் புரிகிறது. அதையே காந்தப் பெருக்கி என்று வைத்து எழுதினால், ‘காந்தப் பெருக்கியால் பெருக்கிய பிறகு, அது பெருக்காததைப் பெருக்கவும்’ என்றுதான் எழுத வேண்டிவரும்.