சின்னக் கிண்ணக் காளானுக்குப் பெயர் வைக்கும் முன் ஸ்போரைப் பாருங்கள்

சில மில்லிமீட்டர் அகலத்தில் சிவப்புக் கிண்ணம், ஓரத்தில் இமை முடி போலக் கருத்த முடிகள். படத்தைப் பார்த்ததுமே 'ஸ்குடெல்லினியா ஸ்குடெல்லேட்டா' என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அப்படிப் பெயரோடு என் மேசைக்கு வரும் மாதிரிகளில் பேரினம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இனம்தான் சிக்கல். அதே சிவப்பும் அதே முடியும் கொண்ட இனங்கள் நிறைய. காளானின் விதை போன்ற நுண்துகளான ஸ்போர் நீள்வட்டமா உருண்டையா, மேலுள்ள பருக்கள் தனித்தனியாக நிற்கின்றனவா வரிவரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்காமல் இனத்தைச் சொல்ல வழியில்லை.

நான் அதிகம் காணும் தவறு, முதிராத ஸ்போரை அளப்பது. ஸ்போர்கள் உருவாகும் நுண்ணிய பையான ஆஸ்கஸுக்குள் இன்னும் முதிராமல் இருக்கும் ஸ்போர் வழவழப்பாகத் தெரியும்; பருக்களும் வலைப்பின்னலும் கடைசிக் கட்டத்தில்தான் உருவாகும். அதனால் தானாக வெளியே வீசப்பட்ட ஸ்போர்களைத் தேடுங்கள். ஈரம் காயாத டப்பாவில் கிண்ணத்தை வைத்து, அதன் வாய்க்குச் சற்று மேலே ஒரு கவர் ஸ்லிப்பை (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடி) நிறுத்தி, ஓர் இரவு விட்டால் போதும். காலையில் அதில் படிந்திருப்பவை முதிர்ந்த ஸ்போர்கள். குறைந்தது 20 ஸ்போர்களையாவது அளந்து, சிறியதிலிருந்து பெரியது வரை வீச்சாக எழுதுங்கள். பருக்களின் உயரத்தை அளவில் சேர்க்க வேண்டாம்.

முதல் ஸ்லைடு வெறும் தண்ணீரில்தான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உயிருள்ள ஸ்போருக்குள் எண்ணெய்த் துளிகள் தெளிவாகத் தெரியும்: ஹெல்வெல்லா என்ற பேரினத்தில் நடுவே ஒரு பெரிய துளி, பெசிசா என்ற பேரினத்தில் இனத்தைப் பொறுத்து இரண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பட்டால் செல் செத்துவிடும். துளிகள் ஒன்று கலந்து உருமாறும். ஆஸ்கஸ்களுக்கு இடையே நிற்கும், ஸ்போர் தராத பாராஃபைசிஸ் இழைகளுக்குள் இருந்த பொருளும் காணாமல் போகும். காய்ந்த மாதிரியில் இதையெல்லாம் திரும்பப் பெற முடியாது. காளான் ஆய்வாளர் ஹான்ஸ் ஓட்டோ பாரல் 1992-இல் உயிருள்ள நிலையில் ஆராய்வதை வலியுறுத்தி எழுதியது இதனால்தான்.

அப்புறம் சாயம். லாக்டிக் அமிலத்தில் கரைத்த காட்டன் புளூவை லேசாகச் சூடாக்கினால் பருக்கள் நீலமாக எழுந்து நிற்கும். இதை நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் பாருங்கள். ஆஸ்கஸின் நுனிக்கு அயோடின்: பெசிசாவில் நீலமாகும். அயோடின் கலந்த மெல்சர் கரைசலை மட்டும் நம்ப வேண்டாம். லுகால் அயோடினில் சிவக்கும் சில நுனிகள் மெல்சரில் நிறமே மாறாமல் நின்றுவிடும்.

ஸ்போரே போதாத இடங்களும் உண்டு. ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைக் கொல்லும் ஹைமெனோசைஃபஸ் ஃபிராக்சினியஸும், தீங்கு செய்யாத ஹை. அல்பிடஸும் உதிர்ந்த இலைக்காம்பில் முளைக்கும் வெள்ளைக் கிண்ணங்கள். ஸ்போரும் ஏறக்குறைய ஒன்றே. ஆஸ்கஸின் அடியில் கொக்கி வடிவ செல் இருந்தால் அது கொல்லி; இல்லையென்றால் மற்றது. ஆகவே கிண்ணத்தை நசுக்கும்போது ஆஸ்கஸின் அடிப்பகுதி அறுந்துபோகாமல் மெல்லிய சீவலாக எடுங்கள்.

குறிப்பேட்டில் ஸ்போர் அளவுக்குப் பக்கத்திலேயே, தண்ணீரிலா சாயத்திலா, உயிரோடா காய்ந்தபிறகா என்பதையும் எழுதிவிடுங்கள். மீதிக் கிண்ணங்களைக் காயவைத்து அதே எண்ணோடு உறையில் போட்டு வையுங்கள்.