கடற்குதிரை மடிப்பு: மூளை அறிக்கையில் வரும் ஒரு சொல்

தொண்டியிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வயதான தாய் தந்தையரை மதுரைக்கு அழைத்துச் சென்று மூளை ஸ்கேன் எடுத்து வருகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அந்த அறிக்கையில் ‘ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறது’ என்று ஒரு வரி இருக்கும். நினைவுக்கு வேண்டிய ஒரு மூளைப் பகுதியின் பெயர் அது. வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. பொருள் புரியாமலே பயம் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சொல் குறிக்கும் உயிரினமோ ராமநாதபுரம் கரையில் சிறுபிள்ளைக்கும் தெரிந்தது. இழுவை மடி வலையில் மீனோடு சேர்ந்து ஏறிவரும் கடற்குதிரைதான் அது.

கிரேக்க மொழியில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை, ‘காம்போஸ்’ என்றால் கடல் விலங்கு. முன்பாதி குதிரையும் பின்பாதி மீனுமாகக் கிரேக்கர் கற்பனை செய்த ஓர் உயிருக்கு இந்தப் பெயர் இருந்தது; பிறகு அது உண்மையான கடற்குதிரைக்கும் ஆகிவந்தது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்சி, மூளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வளைந்து கிடந்த ஒரு பகுதியைக் கண்டு அதற்கு இந்தப் பெயரை இட்டார். நெற்றியின் இரு ஓரங்களிலும் உள்ள பொட்டுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம். தனியே எடுத்து வைத்தால் தலையும் வளைந்த உடலும் சுருண்ட வாலுமாக அப்படியே கடற்குதிரை. பின்னால் வந்த சிலருக்கு அது ஆட்டுக்கடாவின் கொம்பாகத் தெரிந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் தவறுதலாக ‘நீர்யானை’ என்றே எழுதிவிட, அதையும் கொஞ்ச காலம் சிலர் பின்பற்றினார்கள். கடைசியில் நிலைத்தது கடற்குதிரைதான்.

தமிழில் இதை என்ன சொல்வது? சீனரும் ஜப்பானியரும் இந்த உறுப்பைத் தங்கள் மொழியில் ‘கடற்குதிரை’ என்றே எழுதுகிறார்கள். நாம் மட்டும் கிரேக்கச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. கடல், குதிரை என்ற இரண்டும் சேரும்போது லகரம் றகரமாகித் தானாகவே நல்ல கூட்டுச்சொல் கிடைக்கிறது. உயிரினத்தையும் உறுப்பையும் பிரித்துக் காட்ட ஒரு சொல் கூட வேண்டும். அந்தப் பகுதி மூளையின் புறணி (மேலடுக்கு) உள்நோக்கி மடிந்து உருவானது என்பதால், ‘கடற்குதிரை மடிப்பு’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. மண்டபத்திலோ பாம்பனிலோ ஒரு மருத்துவர் இப்படிச் சொன்னால், கேட்பவர் மனத்தில் அந்த உறுப்பின் உருவம் உடனே வந்துவிடும்.

இந்த மடிப்பின் வேலை என்ன என்பது ஒரு மனிதர் பட்ட துன்பத்தால் தெரியவந்தது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்தபோது, இரு பக்கத்துக் கடற்குதிரை மடிப்பிலும் ஒரு பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இளமைக்கால நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. அதாவது, இன்று நடந்ததை நாளைக்கு நினைவாக்கிக் கொடுப்பது இந்த மடிப்பு. நாள்பட்ட நினைவுகள் மெல்ல மெல்ல மூளையின் மற்றப் பகுதிகளில் ஊன்றிவிடுகின்றன.

நம் கரையில் பல வீடுகளில் காணும் ஒன்று இதனால் விளங்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். அன்றைய இரவின் காற்று, தண்ணீர் ஏறிய விதம், யார் வீட்டில் ஒதுங்கினோம் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லக்கூடிய ஒருவருக்கு, காலையில் கஞ்சி குடித்தோமா என்பது நினைவிருக்காது. ‘அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் இல்லையா? நடிக்கிறார்’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். நடிப்பே இல்லை. பழையது ஏற்கெனவே பதிந்துவிட்டது. புதியதைப் பதிக்கும் இடம்தான் தளர்ந்திருக்கிறது. பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881லேயே இதை எழுதிவைத்தார்: புதிய நினைவு முதலில் போகும், பழையது கடைசியில் போகும்.

அறிக்கையில் ‘சுருங்கியிருக்கிறது’ என்ற சொல்லைப் பார்த்ததும் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. நலமாக இருக்கும் முதியவரிடத்திலும் இந்த மடிப்பு ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குகிறது. பெயர் நுனிநாக்கில் நின்றுகொண்டு வெளியே வராமல் இழுத்தடிப்பது, மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பது, கணக்குப் போட முன்பைவிட நேரம் எடுப்பது எல்லாம் வயதோடு வருபவை. சொல்வளம் குறைவதில்லை, பலருக்குக் கூடவே செய்கிறது. கை பழகிய தொழில் இந்த மடிப்பை நம்பி இல்லை என்பதால் அதுவும் நெடுநாள் நிற்கும். பேரன் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடும் பெரியவர், கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியை எடுத்தால், வலைக்கண் அளவு பிசகாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். அவரிடமிருந்து அந்த ஊசியைப் பிடுங்காதீர்கள். விரல்கள் தடுமாறாத அந்த வேலை அவருக்குப் பெரிய ஆறுதல்.

இந்த மடிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: இடம் அறிவது. நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப இங்குள்ள சில உயிரணுக்கள் விழித்துக்கொள்கின்றன. 1971இல் ஜான் ஓ’கீஃப் இதைக் கண்டறிந்தார். 2014இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் வைத்துக் கடலடியில் பார் (பாறைத்திட்டு) இருக்கும் இடத்தைக் கணிக்கும் தொழில் நம்முடையது. ஆகவே வழி தவறுவதை இங்கே கவனமாகப் பார்க்க வேண்டும். பிறந்து வளர்ந்த தெருவில் வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் ஒருவர் நின்றால், அது வயதின் மறதி என்று விட்டுவிடக் கூடாது. நினைவைப் படிப்படியாக அழிக்கும் அல்சைமர் நோய் முதலில் தாக்கும் பகுதிகளில் இந்த மடிப்பும் ஒன்று. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய சமையலின் படிகள் குழம்புவது, எந்தப் பண நோட்டு எத்தனை ரூபாய் என்று தெரியாமல் போவது ஆகியவையும் அந்த வகைதான்.

மறதியைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு, எல்லாம் ஒன்றல்ல. வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுக்கக் கண்டிக்கும் ‘பொச்சாப்பு’, மகிழ்ச்சி மிகுதியில் கடமையை மறப்பது. அது குற்றம், திருத்திக்கொள்ளக் கூடியது. முதியவரின் மறதியை நாம் அந்தக் கணக்கில் சேர்த்துத் திட்டுகிறோம். எனக்கு இதில்தான் வருத்தம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், ஈழத்தில், ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பார்கள். வயது முதிர்ந்து அறிவு தடுமாறுவதைச் சொல்லும் பழைய வழக்கு அது. ஆனால் ஏளனமாகவும் சொல்லப்படுகிறது. வயதால் வருவதை ‘முதுமை மறதி’ என்றும், ‘டிமென்ஷியா’ எனப்படுவதை ‘மறதிநோய்’ என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. முன்னது இயல்பு, பின்னது மருத்துவம் வேண்டுவது.

மறதிநோய் கண்டவரைச் சோதித்துப் பார்க்காதீர்கள். ‘நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்’ என்று பேத்தி கேட்டால், தெரியாத பாட்டி கூனிக் குறுகிப் போவார். ‘பாட்டி, நான் உங்கள் மூத்த மகனின் மகள், சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன்’ என்று தொடங்கினால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

மருத்துவரிடம் போகும்போது ஸ்கேனோடு நின்றுவிடாமல் வேறு சிலவற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றைச் சரிசெய்தால் நினைவு தேறக்கூடும். காது மந்தமானவருக்கு நாம் சொன்னது பதிவதே இல்லை, அதுவும் மறதியாகத் தோன்றும். கேட்கும் கருவி பொருத்தினால் வேறுபாடு தெரியும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பிப் பேசினால், சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், கீழே விழுந்து தலையில் அடிபட்டது, பக்கவாதம் என ஏதாவது ஒன்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.