துண்டு போட்டு இடம் பிடிக்கும் நிகோடின்

மதுரையில் கல்லூரிச் சுற்றுச்சுவர் ஓரமாக நடந்தால், டீத்தூள் பை மாதிரி விரல்நுனி அளவில் சின்னப் பைகள் கண்ணில் படும். 'கூல் லிப்' என்ற புகையிலைப் பை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். புகை இல்லை, வாசனை புதினா. பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைப் பற்றி 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேள்வி எழுப்பியது.

"புகைதானே கெடுதல்?" என்கிறார்கள் பையன்கள். வாயின் உட்தோல் மெல்லியது, அடியில் ரத்த நாளங்கள் அடர்த்தி. புகையிலையில் பழக்கத்தை உண்டாக்கும் பொருள் நிகோடின். விழுங்கினால் அதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். உதட்டுக்குள் வைத்தால் அந்தக் காவலைத் தாண்டி நேராக ரத்தத்துக்குப் போய்விடும். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்தால் 'சுள்'ளென்று ஏறுவதும் இதனால்தான்: காரத்தன்மை கூடினால் நிகோடின் தோலைச் சுலபமாகக் கடக்கும்.

அப்புறம் மூளை. அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்கென்று இருக்கைகள் உண்டு. அது உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடும். நிகோடினோ, மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டு போடுகிறவரைப் போல அதே இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழாமல் இருக்கும். இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் சுரக்கும், மனசு லேசாகும். பழகப் பழக மூளை இருக்கைகளைக் கூட்டிவிடும். ஏறக்குறைய 2 மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகிவிடும். இருக்கைகள் காலியாகக் கிடக்கும்; எரிச்சல், கவனச் சிதறல். இன்னொன்றை வைத்ததும் சரியாகிவிடும். "இது இருந்தால்தான் படிக்க முடியுது" என்று பையன் நம்புகிறான். உண்மையில் முந்தைய பை கெடுத்ததைத்தான் அடுத்த பை சரிசெய்கிறது. இதை யாராவது அவனுக்கு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் வரும் புற்றுநோய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இது மனசில் தைக்கும் என்று நினைக்கிறேன்.

18 நிறையாதவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 18 முடிந்ததும் அது விலகிக்கொள்ளும். ஆனால் ஆசைக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயதாகும். இன்பத்தைத் தேடும் பகுதியோ முன்பே தயார். நடுவில் இருக்கும் அந்த ஏழு வருடத்தில்தான் விடுதி, புது நண்பர்கள், "சும்மா ஒண்ணு வச்சுப் பாருடா" எல்லாம் வருகின்றன. "வேண்டாம் மாப்ள, வாய் புண்ணாகுது" என்று சொல்லிவிட்டு நகர்வதை முன்கூட்டியே பழகி வைத்திருப்பவனுக்கு அந்த நொடி கொஞ்சம் சுலபம்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதல் 3 நாள் கடினம். ஆசை அலை ஒவ்வொன்றும் சில நிமிடமே நிற்கும். தண்ணீர் குடித்து, நாலு எட்டு நடந்து கடத்திவிடலாம். வாரங்கள் போகப் போக, கூட்டிய இருக்கைகளை மூளையே அகற்றிவிடும். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356, கட்டணம் கிடையாது.